தாண்ட முடியாத வசனம்

செத்துப்போகிறவர்கள் எல்லாரும் கடிதம் எழுதி வைத்துவிட்டுத்தான் போகிறார்கள் என்று இந்த கேம் செய்கிறவர்களுக்கு யார் சொல்லிக்கொடுத்தார்களோ தெரியவில்லை. பெரிய கம்பெனிகளைச் சொல்லவில்லை. இரண்டு பேர், மூன்று பேர் ஒரு வாடகை அறையில் முட்டிக்கு முட்டி இடிக்க உட்கார்ந்து செய்கிற சின்ன கேம்கள். அவற்றில் சண்டை கிடையாது, பந்தயம் கிடையாது. கதைதான் எல்லாம். ஒரு ஆள் நடப்பான். கதவைத் திறப்பான். மேஜை இழுப்பறையை இழுப்பான். உள்ளே கடிதம் இருக்கும். செத்தவள் அதில் முத்து முத்தான கையெழுத்தில் நாலு நல்ல வார்த்தை எழுதியிருப்பாள். அந்த நேரம் பார்த்து வெளியே மழை பிடிக்கும். யாரோ பியானோவை ஒற்றை விரலால் தட்டுவார்கள். நடக்கிறவன் அழுவான். விளையாடுகிறவனும் கூடவே அழ வேண்டும் என்பது ஏற்பாடு.

கடுகு அழுததில்லை. கடுகு என்பது கேம்களைப் பற்றி எழுதும் ஒரு இணையதளத்தில் அவனுக்கு இருந்த பெயர். ஒரு கேமுக்குப் பத்து வரிக்கு மேல் எழுத மாட்டான். அந்தப் பத்து வரியில் ஆளை வறுத்து எடுத்துவிடுவான். "கலங்கரை விளக்கத்தில் தனியாக ஒரு கணவன், இறந்துபோன மனைவி. போன மாதம் படகில் தனியாக ஒரு கணவன், இறந்துபோன மனைவி. இந்த மாதம் நரி. பாவம், நரிக்கும் மனைவி தவறிவிட்டது" என்று ஒருமுறை எழுதியதைப் படித்துவிட்டு ஊரே சிரித்தது. அது அவன் மனைவி உயிரோடு இருந்தபோது எழுதியது. அவளும்தான் சிரித்தாள். இப்போதும் அதே கைதான் எழுதுகிறது. காரம் கூடிப்போச்சு, உப்பு காணாமப் போச்சு என்று இணையதளத்தை நடத்துகிறவர் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தார். அவன் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

வயிற்றுப்பாட்டுக்கு லிஃப்ட் பராமரிப்பு கம்பெனியில் வேலை. லிஃப்டில் மாட்டிக்கொண்டவர்கள் உள்ளே இருக்கும் சிவப்புப் பொத்தானை அழுத்தினால் அவன் காதில்தான் மணி அடிக்கும். பயப்படாதீங்க, ஆள் கிளம்பியாச்சு, கதவை நெம்பாதீங்க. மூன்றே வாக்கியம். முன்பெல்லாம் அவனும் சேர்ந்து பதறுவான். இப்போது அவன் குரலில் ஒன்றுமே இல்லை. அந்த ஒன்றுமில்லாத குரலைக் கேட்டதும், கதறிக்கொண்டிருந்தவர்கள்கூட வாயடைத்து அமைதியாகிவிடுகிறார்கள். மேலாளர் இதை எல்லோர் முன்னாலும் பாராட்டிப் பேசினார். அவனுக்கு அவர் கழுத்தைப் பிடிக்க வேண்டும் போல இருந்தது. நன்றி சார் என்றான்.

அவன் மனைவி மூக்குக் கண்ணாடிக் கடையில் வேலை பார்த்தாள். ஒரு நாள் மதியம் யாருக்கோ கண்ணாடியின் காம்பை வளைத்துக் காதுக்குச் சரிசெய்துகொண்டிருந்தவள், தலையை ஒரு மாதிரி செய்கிறது என்று ஸ்டூலில் உட்கார்ந்தாள். எழுந்திருக்கவில்லை. மூளைக்குள் ரத்தக்குழாய் வெடித்திருந்தது. ஆஸ்பத்திரி வாசலிலேயே குடியிருந்திருந்தாலும் இதேதான் நடந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார். ஆறுதலுக்குச் சொன்னாரா, உண்மையைச் சொன்னாரா என்று அவன் கேட்கவில்லை.

கடிதம் எதுவும் இல்லை. பாதி தின்று, நமுத்துப்போகாமல் இருக்கத் துணிக் கிளிப் மாட்டி வைத்த ஒரு பிஸ்கட் பாக்கெட் இருந்தது. அவள் போனில், திரைச்சீலை விற்கிறவனோடு அவள் போட்ட சண்டை பாதியில் நின்றிருந்தது. நான் கேட்டது சாம்பல் கலர், நீங்க அனுப்பினது அழுக்குக் கலர் என்று கடைசியாக எழுதியிருந்தாள். கடைக்காரன் பதிலுக்கு மன்னிப்புக் கேட்டிருந்தான். அது அவள் போன பிறகு வந்தது.

இப்படி இருக்கும்போதுதான் மைத்துனன் கூப்பிட்டான். அவளுக்கு ஒரே தம்பி. கேம் செய்வதுதான் அவனுக்குத் தொழில். படம் வரைகிற ஒரு பெண்ணோடு சேர்ந்து, சலவைக் கடைக்கு மேலே ஒரு அறை எடுத்து வைத்திருந்தான். அக்கா போனதிலிருந்து ஒரு வருஷமாக ஒரு கேமைச் செய்துகொண்டிருப்பது கடுகுக்குத் தெரியும். என்ன கேம் என்று அவன் சொல்லவில்லை, இவனும் கேட்கவில்லை. இப்போது சொன்னான். அக்காவைப் பற்றியது.

"முடிஞ்சிடுச்சு மாமா. அடுத்த வாரம் வெளியிடணும். அம்மா பார்த்துட்டாங்க. மாப்பிள்ளை சரின்னு சொன்னாத்தான் வெளிய விடணும்னு சொல்லிட்டாங்க. நீங்க வந்து ஒரு தடவை விளையாடுங்க."

கடுகு வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் வராமலே வேண்டாம் என்று சொன்னால், பயந்துவிட்டான் என்று ஆகிவிடும். அந்த வார விடுமுறை நாளில் காலையிலேயே போனான்.

சலவைக் கடையின் நீராவி படிக்கட்டு வழியாக மேலே வந்துகொண்டிருந்தது. அறை முழுக்க இஸ்திரி போட்ட துணியின் சூடான வாசனை. இரண்டு மேஜை, நாலு ஸ்கிரீன், தரையெல்லாம் வயர். மைத்துனன் அவனைச் சுழல் நாற்காலியில் உட்கார வைத்து, கையில் கன்ட்ரோலரைக் கொடுத்து, சட்டைக் காலரில் வயர் இல்லாத மைக்கைக் குத்தினான். மனதில் படுவதையெல்லாம் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே விளையாட வேண்டும், அது பதிவாகும், அதை வைத்துத்தான் திருத்துவோம் என்றான். பிறகு மேஜையிலிருந்து பேப்பர் டேப்பை எடுத்து, ஆளுக்கு ஒரு துண்டு கிழித்து, தன் வாயிலும் வரைகிறவள் வாயிலும் ஒட்டினான்.

அது அவர்கள் வழக்கம். விளையாடுகிறவனுக்குக் கேம் செய்தவர்கள் உதவக் கூடாது. வாசலைத் தேடி அவன் சுவரில் முட்டிக்கொண்டாலும் பின்னாலிருந்து வாயைத் திறக்கக் கூடாது. மைத்துனனுக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. இடப்பக்கம், இடப்பக்கம் என்று கத்திவிடுவான். அதனால்தான் டேப்பு. இரண்டு பேரும் வாயில் வெள்ளைப் பட்டையோடு சுவரோரம் ஸ்டூலில் உட்கார்ந்து அவன் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடத்திக்கொண்டு வந்த ஆட்களைப் போல இருந்தது.

கேம் தொடங்கியது. ஒரு வீடு. வேலைவிட்டு ஒருவன் உள்ளே வருகிறான். மழை.

"மழை வந்தாச்சு" என்றான் கடுகு, மைக்குக்காக.

பியானோ கேட்டது.

"பியானோவும் வந்தாச்சு."

வீட்டை அவனுக்கு அடையாளம் தெரிந்தது. அவனுடைய வீடுதான். சாத்தினால் முழுசாகச் சாத்தாத குளியலறைக் கதவு, ஒரு கால் குட்டையான சாப்பாட்டு மேஜை, அதற்கு முட்டுக்கொடுத்த மடித்த அட்டை. வரைகிறவள் ஒன்றையும் விடவில்லை. அதுவரைக்கும் அவனுக்குக் கோபம் இல்லை. ஒவ்வொரு பொருளாகத் தொட்டால், தொட்ட இடத்தில் அவள் தோன்றினாள். அதே உயரம், அதே நடை. சீப்பைத் தொட்டால் வந்தாள், சிரித்தாள். குடையைத் தொட்டால் வந்தாள், நீ நனையாமல் இருந்தால் போதும் என்றாள். காலணியைத் தொட்டால் வந்தாள், நாம் நடந்த பாதைகள் நினைவிருக்கிறதா என்றாள்.

"எந்தப் பாதை" என்றான் கடுகு. "அவ மூணாவது கட்டிடத்துக்குக்கூட ஆட்டோல போறவ."

பின்னால் ஸ்டூல் கிறீச்சிட்டது.

கடைசியில் சமையலறை. குட்டைக்கால் மேஜைக்கு அந்தப் பக்கம் அவள் உட்கார்ந்திருந்தாள். விளக்கு மஞ்சளாக மாறியது. எழுத்து எழுத்தாக வசனம் வந்தது. 'என்னை... நினைத்து... வருந்தாதே.' கடுகு பொத்தானை அழுத்தினான். எல்லா கேமிலும் ஒரு பொத்தான் உண்டு, அழுத்தினால் வசனம் ஓடிவிடும், அடுத்ததற்குப் போகலாம். இங்கே போகவில்லை. 'நீ... சந்தோஷமாக... இருக்க வேண்டும்.' மறுபடி அழுத்தினான். எழுத்துகள் தம் பாட்டுக்கு ஊர்ந்தன. 'உன்... மீது... எனக்கு... எந்த... வருத்தமும்...'

கட்டைவிரல் வலிக்கும்வரை அழுத்தினான்.

"ஏன்டா ஸ்கிப் ஆக மாட்டேங்குது?"

மைத்துனன் டேப்பைத் தொட்டுக்காட்டித் தலையாட்டினான். பேசக் கூடாது.

கடுகுக்கு அப்போது பொங்கியது. ஒரு வருஷமாக எங்கேயோ அடியில் கிடந்தது மேலே வந்தது. வாய்விட்டுச் சொல்லச் சொன்னார்கள் அல்லவா, சொன்னான். இந்த வசனத்தை அவள் கேட்டிருந்தால் முதலில் கன்ட்ரோலரைப் பிடுங்கியிருப்பாள் என்றான். கதை வரும் இடமெல்லாம் அவள் தாண்டிக்கொண்டு போகிறவள். அவன் இரண்டு நாள் பொறுமையாகச் சேர்த்து வந்த கதையின் உச்சக்கட்டத்தில், அழுகிற நாயகனை முழுசாக அழக்கூட விடாமல் டக் டக்கென்று அழுத்தி, அதெல்லாம் இருக்கட்டும், சாவி எங்க இருக்கு அதைச் சொல்லு என்பாள். அதற்காக அவர்கள் ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை பேசாமல் இருந்திருக்கிறார்கள். சந்தோஷமா இரு என்று அவள் தன் ஆயுளில் யாரிடமும் சொன்னதில்லை. மனுஷியா அவள், சந்தன வில்லையா? கடைசி நாள் காலையில் அவள் சொன்னது என்ன தெரியுமா என்று ஸ்கிரீனைப் பார்த்துக் கேட்டான்.

"ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதே போடாதேன்னு சொல்றேன், உன் மண்டையில இருக்கிறது மூளையா களிமண்ணான்னு கேட்டா. காஸை மூடினியான்னு கேட்டா. மூடினேன்னேன். நீ மூடினேன்னு சொன்னா நான் போய் இன்னொரு தடவை பார்க்கணும்னா. அவ்வளவுதான். போயிட்டா. இதுல எங்கடா சந்தோஷமா இரு?"

மைத்துனன் டேப்பைப் பிய்த்தெறிந்தான். மீசை முடி இரண்டு அதோடு வந்துவிட்டது.

"உங்களுக்கு அவ நாலு வருஷம்தான் மாமா. எனக்கு நான் பொறந்ததுலேர்ந்து."

"அப்ப உனக்கு இன்னும் நல்லாத் தெரிஞ்சிருக்கணும். உன்னை அவ ஒரு நாளாவது பேர் சொல்லிக் கூப்பிட்டிருக்காளா? வாலு, குரங்கு, தண்டம். எங்க அதெல்லாம்?"

மைத்துனன் டேப் இருந்த இடத்தைத் தடவிக்கொண்டான். மேலுதடு சிவந்திருந்தது. வரைகிறவள் டேப்பைப் பிய்க்கவே மறந்து, கண்ணை மட்டும் இங்கும் அங்கும் திருப்பிக்கொண்டிருந்தாள்.

இதற்கு நான் சரி சொல்ல மாட்டேன், இது அவ இல்ல என்று சொல்லிவிட்டுக் கடுகு இறங்கி வந்தான். மைக் காலரிலேயே இருந்ததை பஸ்ஸில்தான் கவனித்தான்.

இரண்டு நாள் கழித்து மாமியார் பேசினாள். மகள் போன பிறகு அவள் பேச்சே மாறியிருந்தது. கண்ணாடிப் பாத்திரத்தை வைக்கிற மாதிரி ஒவ்வொரு வார்த்தையாக வைத்துப் பேசினாள். கேமெல்லாம் தனக்கு என்ன தெரியும் என்றாள். மதியத்தில் அந்த அறைக்குப் போய், பையனை அதைப் போடச் சொல்லி, மேஜைக்குப் பின்னால் மகள் சிரித்த முகமாக உட்கார்ந்திருப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு வருவதாகச் சொன்னாள். உங்களுக்குப் பிடிக்கலைன்னா வேண்டாம் மாப்பிள்ளை, நான் சொல்லிடறேன் அவன்கிட்ட என்றாள். அவள் கோபப்பட்டிருந்தால் அவன் தாங்கியிருப்பான். இந்தப் பணிவு அவனைக் குடைந்தது. யோசிக்கிறேன் அத்தை என்று வைத்துவிட்டான். அன்று லிஃப்டில் மாட்டிக்கொண்ட ஒருவர், ஏதாவது நல்லதாகப் பேசிக்கொண்டிருங்களேன் என்று கேட்டார். நல்லதாக ஒன்றும் இல்லை சார், ஆள் வருவான் என்றான். மேலாளர் இந்த முறை பாராட்டவில்லை.

அந்த வாரமே மைத்துனன் மறுபடி கூப்பிட்டான். மாத்தியாச்சு, வாங்க என்று மட்டும் சொன்னான்.

மறுபடி சலவைக் கடை, மறுபடி நீராவி, மறுபடி வாயில் டேப். இரண்டு பேர் கண்ணும் தூங்காத கண்.

வேலைவிட்டு ஒருவன் வீட்டுக்குள் வருகிறான். மழை. பியானோ. அவன் மனசுக்குள் பேசத் தொடங்குகிறான், எழுத்து எழுத்தாக வருகிறது. 'இந்த வீட்டின்... ஒவ்வொரு... மூலையிலும்... உன்...'

டக்.

வசனம் அறுந்தது. பியானோவும் அறுந்தது. சமையலறையிலிருந்து அவள் எட்டிப் பார்த்தாள். தலை ஒரு பக்கம் சாய்ந்திருந்தது, இடுப்பில் கை.

'அதெல்லாம் இருக்கட்டும். காஸை மூடினியா?'

கடுகு சிரித்துவிட்டான். எத்தனையோ மாதம் கழித்து வந்த சிரிப்பு, தும்மல் போல வந்து அவனையே உலுக்கியது. பின்னால் ஸ்டூலில் டேப்புக்குள்ளிருந்து ஒரு சத்தம் வந்தது. அவர்களும் சிரிக்கிறார்கள்.

என்ன செய்திருக்கிறார்கள் என்று புரிந்தது. இந்தக் கேமில் வசனத்தைத் தாண்டும் பொத்தான் விளையாடுகிறவன் கையில் இல்லை. அது அவள் கையில் இருந்தது. திரையில் நடக்கிறவன் சோகமாக எதையாவது சொல்லத் தொடங்கினால் அவள் குறுக்கே வந்து தாண்டிவிடுவாள். படுக்கையறைக்குப் போனான். திரையில் அவன் பெருமூச்சு விட்டான், வசனம் தொடங்கியது. டக். 'ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதே போடாதேன்னு சொல்றேன், உன் மண்டையில இருக்கிறது மூளையா களிமண்ணா?'

அச்சு அசல் அவள். பெருமூச்சை வெட்டுகிற அந்த வேகம், பதிலுக்குக் காத்திராமல் திரும்பிப் போகிற அந்த நடை. இத்தனை வருஷம் விளையாடியதில் இவ்வளவு உயிரோடு ஒரு ஆளை அவன் எந்த கேமிலும் பார்த்ததில்லை. எழுதுகிறவனாக அவனுக்கு அது தெரிந்தது. முதல் முறையாகப் பத்து வரி பாராட்டு எழுதலாம்.

இன்னொரு முறை கேட்க வேண்டும் போல இருந்தது. திரையில் அந்த அறையைவிட்டு வெளியே போய்த் திரும்பி வந்தான். பெருமூச்சு. டக். 'ஈரத் துண்டைக் கட்டில்ல போடாதே போடாதேன்னு சொல்றேன், உன் மண்டையில இருக்கிறது மூளையா களிமண்ணா?'

அதே சாய்வு, அதே கை. மறுபடி வெளியே போனான், வந்தான். பெருமூச்சு. டக். 'ஈரத் துண்டைக்...'

அவன் சிரிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை. திரும்பத் திரும்பப் போய் வந்துகொண்டிருந்தான். அவளும் சலிக்காமல் அதையே சொன்னாள். ஸ்டூல் பக்கமும் சத்தம் அடங்கிவிட்டது. கடைசியில் கன்ட்ரோலரை மேஜையில் வைத்தான். வைத்த வேகத்தில் ஒரு ஸ்கிரீன் ஆடியது.

"இது வேண்டாம்" என்றான்.

மைத்துனன் இந்த முறை டேப்பை மெல்லத்தான் எடுத்தான். இதைத்தானே கேட்டீங்க, நீங்க சொன்னதைத்தானே வெச்சிருக்கோம் என்றான். வாரம் முழுக்க இரண்டு பேரும் சாப்பாட்டைக்கூட நின்றுகொண்டு சாப்பிட்டதைச் சொன்னான்.

"அதான்டா. நான் சொன்னதைத்தான் வெச்சிருக்கே. நான் சொன்னதையே எனக்குத் திருப்பிச் சொல்லுது. அவ ஒரு தடவை திட்டின மாதிரி மறு தடவை திட்டினதில்ல. தினம் புதுசு புதுசா எங்கிருந்துதான் எடுப்பாளோ. இது நாளைக்கும் துண்டுதான், அடுத்த வருஷமும் துண்டுதான். இதுக்கு அந்தச் சிரிச்ச மூஞ்சியே மேல்."

வரைகிறவள் அதுவரை அவனிடம் நேராகப் பேசியதில்லை. இப்போது டேப்பைப் பிய்த்துவிட்டு, விட்டுக்கொடுக்காமல் பேசினாள்.

"நீங்கதான் எழுதினீங்க சார், பொய் சொல்ற கேமைக் குப்பையில போடுன்னு. முதல்ல செஞ்சது பொய். இது நிஜம். நாங்க செஞ்சதிலேயே நல்லது இதான். உங்களுக்கே தெரியும்."

"தெரியும்" என்றான் கடுகு. "அதான் வெளிய விடாதேங்கிறேன். அந்த முதல் பொம்பளை யாரோ எவளோ. அவளை யார் வேணா பார்த்து அழட்டும். இவளை எவனோ ஒருத்தன் பஸ்ல போறப்ப விளையாடிட்டு, பத்துக்கு ஏழுன்னு மார்க் போடுவான். நான் அந்த வேலைதாம்மா பார்க்கறேன். எனக்குத் தெரியாதா?"

கீழே இஸ்திரிப் பெட்டி உஸ்ஸென்று மூச்சு விட்டது. முதல் கேமை வெளியிடு, சரி சொல்லிட்டேன்னு அத்தைகிட்ட சொல்லு என்றான் கடுகு. இரண்டாவதை அழித்துவிடச் சொன்னான்.

"அழிக்க மாட்டேன்" என்றான் மைத்துனன். "வெளிய விடல. ஆனா அழிக்க மாட்டேன். என்னையும்தான் திட்டினா."

கடுகு எழுந்தான். இந்த முறை மைக்கைக் கழற்றி வைத்துவிட்டுப் போனான்.

முதல் கேம் வெளிவந்தது. நன்றாகவே ஓடியது. விளையாடியவர்கள் எல்லாம் அழுதார்கள், அழுததை எழுதவும் செய்தார்கள். அந்த மனைவியைப் போல ஒருத்தி கிடைக்க மாட்டாளா என்று ஒருவன் ஏங்கினான். தேவதை என்று ஒருத்தி எழுதினாள். கடைசிக் காட்சியில் வசனத்தைத் தாண்ட முடியாதபடி வைத்தது எவ்வளவு பெரிய கலை என்று ஒரு அறிவாளி மூன்று பத்தி எழுதினான். கடுகு எல்லாவற்றையும் ஒன்று விடாமல் படித்தான். படிக்கப் படிக்கக் காது மடல் சூடேறியது. தானே விரித்துவிட்ட வலை என்று தெரிந்தும் தாங்கவில்லை. இணையதளத்தை நடத்துகிறவர், எல்லாரும் எழுதியாச்சு, நீ எப்போ என்று கேட்டார். எழுதி அனுப்பினான்.

"மறுபடியும் ஒரு கணவன், இறந்துபோன மனைவி. வீடு நன்றாக இருக்கிறது, மேஜைக்குக் கொடுத்த முட்டுவரை பார்த்துப் பார்த்து வரைந்திருக்கிறார்கள். வீட்டுக்காரிதான் சரியில்லை. கோபமே வராத, குறையே சொல்லாத, பல் துலக்கக்கூட நேரமில்லாமல் அறிவுரை சொல்லிக்கொண்டே இருக்கிற ஒருத்தியோடு எவனும் குடித்தனம் நடத்தியிருக்க முடியாது. இவள் சாகவில்லை, முதலிலிருந்தே இல்லை. கடைசி வசனத்தைத் தாண்ட முடியாது. கட்டைவிரல் வலிக்கும். அவ்வளவுதான் வலி."

வெளியான அன்றே வசைமழை. மனசாட்சி இல்லாத ஜென்மம் என்றார்கள். வீட்டில் ஒரு சாவு விழுந்திருந்தால் உனக்குத் தெரியும் என்று ஒருவன் எழுதியிருந்தான். மைத்துனனிடமிருந்து ஒரு வார்த்தையும் இல்லை.

மறுநாள் சாயங்காலம் மாமியார் கூப்பிட்டாள். கடுகு போனைக் காதில் வைத்ததும், நலமா சாப்பிட்டீங்களா என்று எதுவும் கேட்காமல் நேராக ஆரம்பித்தாள். கடுகு யார் என்று அவளுக்குத் தெரியாது. பக்கத்து வீட்டுப் பெண் படித்துக் காட்டியிருக்கிறாள்.

"எவனோ கடுகாம். பேரைப் பாரு. பெத்தவங்க வெச்ச பேரைச் சொல்ல யோக்யதை இல்லாதவன். என் பொண்ணைச் சரியில்லைங்கறான் மாப்பிள்ளை. இவன் வந்து பார்த்தானா? பல்லு விளக்க நேரமில்லையாம். இவன் விளக்கறானான்னு முதல்ல மூஞ்சியை மோந்து பார்க்கணும். உக்காந்த இடத்துல உக்காந்து அடுத்தவன் செஞ்சதுக்கு நொட்டை சொல்றதெல்லாம் ஒரு பொழப்பா? ஒரு கோடு போடச் சொல்லு அவனை, நேராப் போடுவானா?"

கடுகு அசையாமல் நின்றான். கண்ணாடிப் பாத்திரத்தை வைக்கிற குரல் இல்லை அது. ஒரு வார்த்தை முடியுமுன் அடுத்த வார்த்தை முட்டிக்கொண்டு வந்தது. நடுவில் மூச்சை இழுத்துக்கொள்கிற விதம், 'பேரைப் பாரு' என்பதில் 'பாரு'வை நீட்டிய விதம், எல்லாம் அவனுக்குத் தெரியும். வேறு ஒரு வாயிலிருந்து தெரியும். இத்தனை நாளும் இவளிடமும் இது இருந்திருக்கிறது, அவள் இதை எங்கிருந்து எடுத்தாள் என்று அவன் யோசித்ததே இல்லை. திட்டு ஒவ்வொன்றும் புதுசு. ஒன்றைக்கூட அவன் முன்பு கேட்டதில்லை.

ஆமாம் அத்தை என்றான். சரிதான் அத்தை என்றான்.

மாமியாரின் வேகம் மெல்லக் குறைந்தது. என்னவோ போங்க மாப்பிள்ளை, நமக்கு எதுக்கு, அவனுக்கும் ஒரு குடும்பம் இருக்கும் என்று பழைய குரலுக்கு இறங்கத் தொடங்கினாள். கடுகு போனை இன்னொரு காதுக்கு மாற்றினான்.

"இன்னொண்ணும் எழுதியிருக்கான் அத்தை. அந்தப் பொண்ணு படிச்சுக் காட்டலையா?"

"என்னது?"

அவன் அதை எழுதவே இல்லை. நின்ற இடத்தில் யோசித்துச் சொன்னான்.

"அந்தம்மா சிரிக்கிறது பற்பசை விளம்பரம் மாதிரி இருக்குன்னு எழுதியிருக்கான்."

எதிர்முனையில் மாமியார் மூச்சை இழுப்பது கேட்டது. கடுகு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டான்.